ஆமதாபாத்தின் போள்கள்

சபர்மதி நதியின் கீழ்க்கரையில், 1411-ஆம் ஆண்டில், குஜராத்தின் சுல்தானாகிய முதலாம் அகமது ஷா ஸ்தாபித்த ஆமதாபாத் நகரத்துக்கு, ஆறு நூற்றாண்டுகள் கழித்து, 2017-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில், போலந்து தேசத்துக் கிராக்கோ நகரில் கூடிய யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியக் குழு ஓர் உயர்ந்த கௌரவத்தை அளித்தது. நம் நாட்டுக் கோயில்களும் கோட்டைகளும் குகைகளும் அதற்கு முன்பே அந்தக் குழுவின் பட்டியலில் இடம் பெற்றிருந்தன. ஆயினும், இன்றும் ஜனங்கள் குடியிருந்து, வியாபாரம் செய்து, சமைத்து உண்டு, பண்டிகை கொண்டாடி வரும் ஒரு பழைய நகரம், அந்த வாழ்க்கையோடு சேர்த்தே உலகப் பாரம்பரிய நகரம் என்று அங்கீகரிக்கப்பட்டது இந்தியாவில் அதுவே முதல் தடவை. தில்லிக்கும் காசிக்கும் கிட்டாத இந்தச் சிறப்பு ஆமதாபாத்துக்குக் கிட்டியதற்கு, சுல்தான்கள் எழுப்பிய கற்கட்டடங்கள் ஒரு காரணம். சாதாரணக் குடிமக்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வரும் 'போள்' என்னும் குடியிருப்புகள் மற்றொரு காரணம். முன்னதைப் பற்றி எழுதியவர்கள் பலர். பின்னதைப் பற்றி நம் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயங்கள் அநேகம் உண்டு.

பழைய நகரத்தின் பிரதான வீதியில் கிழக்கு நோக்கி நடப்பவர்களுக்கு, நதியோரத்துப் பத்ரா கோட்டையும், மூன்று வளைவுகளைக் கொண்ட தீன் தர்வாஜா என்னும் வாயிலும், 1424-இல் கட்டி முடிக்கப்பெற்ற ஜும்மா மசூதியும், நகரத்தை ஸ்தாபித்த சுல்தானின் சமாதியும், அவன் குடும்பத்து ராணிகளின் சமாதியும், இவற்றை ஒட்டி மாணேக் சௌக் என்னும் கடைவீதியும் ஏறக்குறைய ஒரே வரிசையில் காட்சியளிக்கும். கோட்டைச் சுவர் எழுந்த காலத்தில், மாணேக்நாத் என்ற சாது பகலில் பாய் முடைந்து இரவில் அதைப் பிரித்துவிட, அன்றன்று எழுப்பிய சுவர் அன்றன்றே சரிந்து விழுந்தது என்றும், பின்னர் அவருடைய பெயரையே அந்தக் கடைவீதிக்குச் சூட்டினார்கள் என்றும் ஊரார் சொல்லும் ஐதிகம் ஒன்று உண்டு. முஸ்லிம் அரசர்களின் கட்டளைப்படி ஹிந்து, ஜைன சிற்பிகளும் கைவேலை செய்த காரணத்தால், இந்நகரத்து மசூதிகளின் தூண்களிலும் மாடங்களிலும் கோயிற் சிற்பத்தின் சாயலைத் தெளிவாகக் காணலாம். 1573-இல் கட்டப்பெற்ற சீதி சையத் மசூதியின் கற்பலகணியில், ஒரு மரமும் அதைத் தழுவிச் செல்லும் கொடியும் மெல்லிய பின்னலாகச் செதுக்கப்பட்டிருக்கும் அழகு உலகப் பிரசித்தமானது.

இந்த ராஜபாட்டையை விட்டு விலகி, கடியா, ராய்ப்பூர், காலூப்பூர், தரியாப்பூர், ஷாப்பூர் முதலிய பேட்டைகளுக்குள் நுழைந்தால் நகரத்தின் முகமே மாறிவிடுகிறது. கடைகளின் வரிசைக்கு இடையில், கவனிக்காமல் போனால் தவறவிடக்கூடிய ஒரு வாயில். அதற்குள் சற்றே குறுகிய தெரு. அந்தத் தெரு இரண்டு மூன்று சந்துகளாகப் பிரிந்து, ஒவ்வொரு சந்தும் ஒரு முட்டுச்சுவரிலோ ஒரு சிறு முற்றத்திலோ சென்று முடியும். இருபுறமும் ஒன்றோடொன்று தோள் ஒட்டி நிற்கும் இரண்டு, மூன்று மாடி வீடுகள். இப்படி ஒரே வாயிலுக்குள் அடங்கிய வீடுகளின் கூட்டமே ஒரு போள். பத்து வீடுகளைக் கொண்ட சின்னஞ்சிறு போளும் உண்டு. தன்னுள்ளே பல உட்போள்களை அடக்கிக்கொண்டு, புதிதாக வருபவர் வழி தெரியாமல் திகைக்கும்படி விரிந்து கிடக்கும் மாண்டவி போளைப் போன்ற பெரிய போளும் உண்டு. முஹூர்த்த போள் என்று பெயர் கொண்டதே இவற்றுள் முதலில் தோன்றியது என்பர். கோட்டை நகரத்தின் எல்லைக்குள் இத்தகைய போள்கள் நூற்றுக்கணக்கில் இருக்கின்றன.

ஒரு போளின் வாயிலில் நின்று நிதானமாகப் பார்ப்பவனுக்கு, அங்கே வாழ்பவர்களின் வாழ்க்கை முறை பெரும்பாலும் விளங்கிவிடும். வாயிலின் மேலே ஓர் அறை; முற்காலத்தில் இரவுக் காவலாளி தங்கியிருந்து, குறித்த நேரத்தில் கதவை மூடித் தாழிட்டு, அகாலத்தில் வருபவனை இன்னார் என்று அறிந்த பின்னரே உள்ளே விடுவதற்காக ஏற்பட்டது அது. வாயிலின் பக்கச் சுவரில் ஒரு கரும்பலகை. போளில் இறந்தவர் யார், துக்கம் விசாரிக்கச் செல்லவேண்டிய நேரம் எது, குழாய்த் தண்ணீர் எப்போது வரும், கோயிலில் என்ன விசேஷம் என்பனவெல்லாம் அதில் சுண்ணக்கட்டியால் எழுதப்பட்டிருக்கும். உள்ளே சற்றுத் தூரம் சென்றால், தெரு அகன்று சிறு சதுக்கமாகும் இடத்தில், 'சபூத்ரோ' என்று குஜராத்திகள் அழைக்கும் பறவை மாடம் நிற்கும். உயர்ந்த ஒற்றைத் தூணின் மேல் எண்கோணமாகவோ அறுகோணமாகவோ ஒரு மேடையும், அதற்கு மேல் சிறு கூரையும் வைத்து, சிற்ப வேலைப்பாட்டுடன் அமைத்த அந்த மாடத்தில், கிளிகளுக்கும் புறாக்களுக்கும் அணில்களுக்கும் நாள்தோறும் தானியம் வைப்பது போளாரின் பொதுக் கடமை. மரஞ்செடிகளுக்கு இடமில்லாத நெருக்கமான குடியிருப்பில், மனிதர்கள் தங்களுக்கென்று வீடு கட்டிக்கொண்டபோது, பறவைகளுக்கும் ஒரு வீடு கட்டிக்கொடுக்கத் தவறவில்லை என்பதை நினைக்கும்போது உள்ளம் நெகிழ்கிறது.

இவ்வாறு வாயிலும் காவலும் வைத்துக்கொண்டு வாழ வேண்டிய அவசியம் ஏன் நேர்ந்தது என்ற கேள்வி எழலாம். மொகலாய சாம்ராஜ்யம் தளர்ந்து, மராத்தியர்களின் படையெடுப்புகள் மிகுந்த பதினெட்டாம் நூற்றாண்டில், செல்வம் கொழித்த இந்த வியாபார நகரம் அடிக்கடி கொள்ளைக்கும் கலகத்துக்கும் ஆளாயிற்று. 1725-இல் மராத்தியப் படை நகரத்தைச் சூறையாட முற்பட்ட சமயத்தில், நகர்சேட் என்ற வணிகத் தலைமைப் பதவியில் இருந்த குஷால்சந்த் சேட் தம் சொந்தப் பொருளை ஈந்து ஊரைக் காப்பாற்றினார் என்றும், அந்த நன்றியை மறவாமல் நகரத்து வணிகர்கள், வியாபாரச் சரக்கின் மதிப்பில் நூறு ரூபாய்க்கு நான்கணா வீதம் அவருக்கும் அவர் சந்ததியாருக்கும் கொடுத்து வர இசைந்தார்கள் என்றும் சரித்திரம் கூறுகிறது. அரசாங்கத்தின் பாதுகாப்பை நம்பியிருக்க முடியாத அத்தகைய காலங்களில், ஜனங்கள் தங்களைத் தாங்களே காத்துக்கொள்ளக் கண்டுபிடித்த உபாயமே போளின் கதவு. ஆபத்து நேர்ந்தால் ஒரு போளிலிருந்து அடுத்த போளுக்கு யாரும் அறியாமல் சென்றுவிடக்கூடிய ரகசிய வழிகளையும் அவர்கள் வீடுகளுக்கு ஊடே அமைத்திருந்தார்கள். 1942-ஆம் வருஷத்து 'வெள்ளையனே வெளியேறு' இயக்கத்தின்போது, கடியாப் பகுதித் தேசத் தொண்டர்களைத் தேடி வந்த போலீசாருக்கு இந்தப் பின்னலான சந்துகள் பெரும் இடைஞ்சலாக இருந்தன.

கதவு ஒன்றே ஒரு குடியிருப்பைக் காத்துவிட முடியாது. கதவுக்கு உள்ளே இருப்பவர்களுக்குள் கட்டுப்பாடு வேண்டும். அந்தக் கட்டுப்பாட்டைப் போளின் பஞ்சாயத்து நிர்வகித்து வந்தது. போளில் ஒருவர் தம் வீட்டை விற்கவோ அடகு வைக்கவோ விரும்பினால், வெளியாரிடம் போவதற்கு முன் போளாருக்கே முதலில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. விற்பனை நடந்தால் அதில் ஒரு பங்கு போளின் பொது நிதியில் சேரும். கல்யாணம் நடந்த வீட்டார் பொது நிதிக்குக் காணிக்கை செலுத்துவார்கள். சில சமயம் போள் முழுவதற்கும் விருந்தும் செய்வார்கள். விதியை மீறினவர்கள் அபராதம் கட்டுவார்கள். இவ்வாறு சேர்ந்த பணத்தைக் கொண்டே காவலாளிக்குச் சம்பளமும், வாயிலைப் பழுதுபார்க்கும் செலவும், தெரு விளக்குக்கு எண்ணெயும், கோயில் கைங்கரியமும் நடைபெற்றன. ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், போளிலுள்ள ஆண்கள் அனைவரும் உடன் செல்வது வழுவாத வழக்கமாக இருந்தது. சொத்து தனித்தனியாக இருந்தபோதிலும், அதை அனுபவிக்கும் உரிமையில் அண்டை வீட்டானுக்கும் ஒரு சிறு பாத்தியதை உண்டு என்ற கொள்கையே இந்த ஏற்பாடுகளுக்கெல்லாம் ஆதாரம்.

இந்த அமைப்பின் நற்குணங்களைப் பேசும்போது அதன் குறையையும் ஒளிக்காமல் சொல்வது கடமையாகும். ஒரு போளில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் ஒரே ஜாதியையோ ஒரே மதத்தையோ ஒரே தொழிலையோ சேர்ந்தவர்கள். ஜைன வணிகர்களுக்கு ஒன்று, நாகர் பிராமணர்களுக்கு ஒன்று, தச்சர்களுக்கு ஒன்று, முஸ்லிம்களுக்குத் தனித்தனி மொஹல்லாக்கள் என்று நகரம் பகுக்கப்பட்டிருந்தது. தீண்டாமைக் கொடுமைக்கு ஆளானவர்களுக்கோ இந்த வாயில்களுக்குள் குடியிருக்க இடமே இல்லை. உள்ளே இருப்பவர்களை ஒன்றுசேர்த்த அதே கதவு, வெளியே இருப்பவர்களை விலக்கியும் வைத்தது. ஆயினும், இப்படிப் பிரிந்து வாழ்ந்த சமூகங்கள் கடைவீதியிலும் தொழிலிலும் ஒருவரையொருவர் நம்பியே வாழ்ந்தன என்பதும் மறுக்க முடியாத உண்மை. மரம் தந்த வணிகன் ஒரு மதம், அதைச் செதுக்கிய தச்சன் வேறொரு மதம், அந்த வீட்டுப் பெண்கள் உடுத்திய புடைவைக்குச் சாயமேற்றியவன் இன்னொரு மதம் என்று இருந்தது அந்த நகரத்து வாழ்க்கை.

இனி வீட்டுக்குள் செல்வோம். தெருவிலிருந்து இரண்டு மூன்று படி ஏறியதும் வருவது ஓட்லோ; நம் ஊர்த் திண்ணையே அது. மாலை வேளையில் பெண்கள் காய்கறி நறுக்கிக்கொண்டும், கிழவர்கள் செய்தித்தாளைப் பற்றி வாதாடிக்கொண்டும், பிள்ளைகள் பாடம் படித்துக்கொண்டும் அமர்ந்திருக்கும் இடம் இது. வீட்டுக்கும் தெருவுக்கும் நடுவே, இரண்டுக்கும் உரியதாக இது இருக்கிறபடியால், போளுக்குள் அந்நியன் எவன் வந்தாலும் பத்துப் பேர் கண்களில் படாமல் போக முடியாது. ஓட்லோவைத் தாண்டினால் கட்கி என்னும் முன்கட்டு. அதற்கப்பால் வானத்தை நோக்கித் திறந்த சௌக் என்னும் முற்றம். அதை ஒட்டி பர்சாள் என்னும் கூடம். எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர்டோ என்னும் உள்ளறை. சமையலறையும் குடிதண்ணீர்ப் பானைகளை வைக்கும் இடமும் முற்றத்தின் ஓரத்தில் இருக்கும். வீட்டின் முகப்பு அகலத்தில் குறைந்தும், உட்புறம் நீளத்தில் மிகுந்தும் இருப்பது பொது லக்ஷணம்.

கோடைகாலத்தில் 42, 43 பாகை வரை வெயில் ஏறும் பிரதேசம் அது. அந்த வெப்பத்தைத் தணிக்க, மின்விசிறியை அறியாத அந்தக் காலத்துக் கொத்தனாரும் தச்சனும் கையாண்ட யுக்தி வியக்கத்தக்கது. இருபுறமும் வீடுகள் உயர்ந்தும் நடுவில் தெரு ஒடுங்கியும் இருப்பதால், உச்சிப்பொழுது தவிர மற்ற வேளையில் தெருவில் வெயில் விழுவதில்லை. பக்கச் சுவர்களைப் பக்கத்து வீடுகளோடு பங்கிட்டுக்கொண்டிருப்பதால், ஒரு வீட்டின் முன்புறமும் பின்புறமும் கூரையும் மாத்திரமே சூரியனுக்கு முகம் கொடுக்கின்றன. முற்றத்தில் சூடேறிய காற்று மேலெழும்பிப் போக, நிழலான தெருவிலிருந்து குளிர்ந்த காற்று முன்கட்டின் வழியாக உள்ளே இழுக்கப்படுகிறது. இரவில் முற்றத்தில் இறங்கித் தங்கிய குளிர்ச்சி மறுநாள் முற்பகல் வரையில் அறைகளில் நிலைக்கிறது. ஒரு வீட்டின் சுகம் அண்டை வீட்டைப் பொறுத்திருக்கிறது என்பதை இங்கே கவனிக்க வேண்டும். நடுவில் ஒரு வீட்டை இடித்துவிட்டால், இருபக்கத்து வீடுகளின் சுவர்களும் வெயிலிலும் மழையிலும் நனைந்து காய்ந்து பலஹீனமடைகின்றன.

முற்றத்தின் தளத்தில், ஒரு மூலையில், வட்டமான சிறு மூடி ஒன்று தென்படும். அதை நீக்கிப் பார்த்தால், கீழே இருளில் தண்ணீர் மின்னும். அதுதான் 'டாங்கா' என்னும் நிலவறைத் தொட்டி. மழைக்காலத்தின் முதல் மழையை, கூரையிலுள்ள தூசியும் எச்சமும் கழுவிச் செல்லும்படி வெளியே விட்டுவிடுவார்கள். அதன் பின்னர் பெய்யும் மழையைக் கூரையிலிருந்து குழாய் வழியாக இறக்கி, சுண்ணாம்புக் காரை பூசிய இந்தத் தொட்டியில் சேமிப்பார்கள். வெளிச்சம் படாமல் மூடியே இருப்பதால் பாசி பிடிக்காமலும் புழு உண்டாகாமலும், ஆண்டு முழுவதும் அந்தத் தண்ணீர் பருகத்தக்கதாக இருக்கும். உவர் கலந்த கிணற்றுநீரில் பருப்பு வேகாத ஊரில், டாங்காத் தண்ணீரே சமையலுக்கும் குடிப்பதற்கும் உரியதாயிற்று. மழை பெய்யும் நாட்கள் மிகச் சில என்பதை உணர்ந்து, கூரையில் விழுந்த ஒவ்வொரு துளியையும் பொக்கிஷம்போல் பாதுகாத்த அந்தக் குடும்பத் தலைவிகளின் சிரத்தை, குழாயைத் திருகினால் தண்ணீர் கொட்டும் காலத்தில் பிறந்த நமக்கு ஒரு பாடம்.

வீட்டின் எலும்புக்கூடு முழுவதும் தேக்குமரம். கல் பீடங்களின் மேல் மரத்தூண்களை நிறுத்தி, அவற்றின் மேல் உத்தரங்களை ஏற்றி, மரத்தை மரத்தோடு கோத்துப் பொருத்தி, இடைவெளிகளைச் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு நிரப்புவது இவர்களுடைய முறை. செங்கற் சுவருக்குள்ளேயும் குறிப்பிட்ட உயரங்களில் மரச்சட்டங்களைக் கிடையாகப் பதித்துக் கட்டுவார்கள். இதனால் பூமி அதிர்ந்தாலும் சுவர் ஓரளவு அசைந்து கொடுக்குமே தவிர, சடாரென்று பிளந்து விழாது. 2001-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் தேதி குஜராத்தை உலுக்கிய பூகம்பத்தில், ஆமதாபாத்தின் புதிய பகுதிகளில் சிமெண்டுக் கான்கிரீட்டினால் எழுப்பிய பல அடுக்குமாடிக் குடியிருப்புகள் நொறுங்கி, நூற்றுக்கணக்கானோர் மாண்டுபோக, செவ்வையாகப் பராமரிக்கப்பட்ட பழைய மரவீடுகள் பெரும்பாலும் நிலைத்து நின்றன. பழமையை மூடத்தனம் என்று தள்ளிவிடுபவர்கள் சிந்திக்க வேண்டிய சம்பவம் இது.

உறுதியோடு அழகும் சேர்ந்திருக்கிறது. மேல்மாடியைத் தாங்கி நிற்கும் சாய்வுக் கட்டைகளில் மயில்களும் யானைகளும் இசைக்கருவி ஏந்திய பெண்களும், சாளரச் சட்டங்களில் கொடிகளும் மலர்களும், தூண்தலைகளில் தாமரை இதழ்களும் செதுக்கப்பட்டிருக்கின்றன. கால மாறுதலையும் இந்த மரவேலையிலேயே படிக்கலாம்: ஒரே போளுக்குள், மராத்தியர் காலத்துப் பாணியில் ஒரு வீடும், மொகலாயப் பாணி வளைவுகளைக் கொண்ட வேறொரு வீடும், ஐரோப்பியத் தூண்களும் வார்ப்பிரும்புக் கைப்பிடிகளும் கொண்ட இன்னொரு வீடும் பேதமின்றி அருகருகே நிற்பதைக் காணலாம். ஜைனக் கோயில்களோ வெளியிலிருந்து பார்ப்பவருக்கு மற்றுமொரு வீடுபோலவே தோன்றும்; வாயிற்படியைக் கடந்த பிறகுதான் சலவைக்கல் மண்டபமும் சிற்பங்களும் கண்ணைப் பறிக்கும். கலகக் காலங்களில் விக்கிரகங்களைக் காப்பாற்றும் பொருட்டு நிலவறைகளோடு கூடிய கோயில்களும் இவற்றுள் உண்டு.

இந்தத் தெருக்களில் வாழ்ந்தவர்களின் பெயர்களும் குஜராத்தின் சரித்திரத்தோடு பிணைந்தவை. பதினேழாம் நூற்றாண்டின் ஞானக் கவியாகிய அகோ வாழ்ந்த இடத்தைத் தேசாய் போளில் காட்டுகிறார்கள். நவீன குஜராத்தி இலக்கியத்துக்கு வித்திட்டவர்களில் ஒருவரான தல்பத்ராம், லம்பேஷ்வர் போளில் வசித்தார். அவருடைய வீடு நின்ற இடத்தில், அதன் மரமுகப்பைப் போன்றே மீண்டும் அமைத்து, முன்னே ஓட்லோவில் அவர் உட்கார்ந்திருப்பது போன்ற வெண்கலப் பிரதிமையை வைத்திருக்கிறார்கள். மாணேக் சௌக்குக்கு அருகே ஹர்குன்வர் சேட்டாணி என்ற மாதரசியின் பெரிய மாளிகை இன்னும் நிற்கிறது. கணவர் ஹட்டீசிங் சேட் காலமானதும், அவர் தொடங்கிய ஜைன ஆலயத்தைத் தில்லி வாயிலுக்கு வெளியே 1848-இல் பூர்த்தி செய்து பிரதிஷ்டை நடத்தியவர் அவரே. பெண் கல்விக்கும் அவர் பொருளுதவி செய்தார்.

போள் வாழ்க்கையின் உற்சாகத்தை முழுவதும் காண விரும்புவோர் பண்டிகை நாட்களில் செல்ல வேண்டும். நவராத்திரியில், பெரிய மைதானங்களில் ஒலிபெருக்கியோடு நடக்கும் ஆட்டங்களை விட்டுவிட்டு, போளின் சதுக்கத்தில் தீபத்தைச் சுற்றி, பாட்டியும் பேத்தியும் ஒரே வட்டத்தில் கைகொட்டி ஆடும் கர்பாவைப் பார்ப்பவர்களே அந்தக் கலையின் உயிரை அறிவார்கள். ஜனவரி 14-ஆம் தேதி உத்தராயணத்தன்று, ஒன்றையொன்று ஒட்டிய கூரைகள் யாவும் ஒரே மேடையாக மாறிவிடுகின்றன. நதிக்கு மேற்கே குடிபோன குடும்பங்களும் அன்று தங்கள் பழைய போளுக்குத் திரும்பி வந்து, காற்றாடி விட்டு, ஊந்தியு என்னும் காய்கறிப் பண்டத்தையும் ஜிலேபியையும் கூரையின் மீதே உண்டு மகிழ்கிறார்கள். ஹிந்துக்களும் ஜைனர்களும் அன்று ஆகாயத்தில் பறக்கவிடும் காற்றாடிகளில் பெரும்பாலானவற்றைச் செய்து தருபவர்கள் ஜமால்பூர் முதலிய இடங்களில் வாழும் முஸ்லிம் கைவினைஞர்கள். ஆஷாட மாதத்து இரண்டாம் பிறையில், ஜமால்பூர் ஜகந்நாதர் ஆலயத்திலிருந்து 1878 முதல் புறப்பட்டு வரும் ரதோத்ஸவத்தில், கோட்டைக்கு வெளியே உள்ள சரஸ்பூரை ஸ்வாமியின் தாய்மாமன் வீடாகப் பாவிக்கிறார்கள். மருமகன் வருகிறான் என்ற உரிமையோடு, சரஸ்பூரின் ஒவ்வொரு போளும் அன்று அடுப்பு மூட்டி, வந்த அடியார்கள் அத்தனை பேருக்கும் அன்னமிடுகிறது. போளின் பொதுப் பாத்திரமும் பொது உழைப்பும் எதற்காக ஏற்பட்டவை என்பதை அன்றைக்குக் கண்கூடாகக் காணலாம்.

இத்தனை சிறப்பும் வாய்ந்த போள்கள் ஏன் தேய்ந்துவருகின்றன? 1861-இல் ரண்சோட்லால் சோட்டாலால் தொடங்கி நடத்திய முதல் பஞ்சாலையை அடுத்து ஆலைகள் பெருகின, ஊர் செழித்தது. 1892-இல் இரும்பினால் அமைந்த எல்லிஸ் பாலம், மேற்குக் கரையின் திறந்த வெளிகளுக்கு வழி செய்தது. செல்வம் சேர்த்தவர்கள் தோட்டத்தோடு கூடிய பங்களாக்களை நாடி அக்கரைக்குப் போனார்கள். பின்னாளில் கோட்டைச் சுவரின் பெரும்பகுதி இடிக்கப்பட்டது. நெரிசலைக் குறைப்பதற்காக அகன்ற ரிலீப் ரோடு பழைய குடியிருப்புகளை ஊடறுத்துச் சென்றது. மோட்டார் வண்டி நுழைய முடியாத சந்து, படிப்புள்ள இளைஞர்களுக்கு அசௌகரியமாகப் பட்டது. 1969, 1985, 2002 ஆகிய ஆண்டுகளில் மூண்ட வகுப்புக் கலவரங்கள், பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்த சமூகங்களிடையே அச்சத்தை விதைத்து, பல குடும்பங்களை நிரந்தரமாக வெளியேற்றின.

வெளியேறியவர்களின் வீடுகளுக்கு நேர்ந்த கதியோ பரிதாபமானது. தகப்பனார் ஒருவருக்குச் சொந்தமாயிருந்த வீடு, இரண்டு தலைமுறைக்குப் பின் பல ஊர்களில் சிதறிய பத்துப் பன்னிரண்டு பங்காளிகளுக்குப் பொதுவாகி, யாரும் பழுதுபார்க்க முன்வராத நிலையை அடைகிறது. வாடகைக்கு இருப்பவரோ, சொற்ப வாடகையைச் செலுத்திக்கொண்டு, தமக்குச் சொந்தமில்லாத கூரைக்கு ஓடு மாற்ற மறுக்கிறார். கடைசியில் துணி வியாபாரி ஒருவர் அதை வாங்கிக் கிடங்காக்குகிறார். அல்லது செதுக்கிய தூண்களையும் சாளரங்களையும் தனித்தனியே கழற்றி, புராதனப் பொருள் வியாபாரிகள் எங்கோ உள்ள ஒரு ஹோட்டலின் அலங்காரத்துக்கு விற்றுவிடுகிறார்கள். எஞ்சிய மனையில் சிமெண்டுக் கட்டடம் எழுகிறது. உலகப் பாரம்பரியப் பட்டம் கிடைத்த பிறகும் இந்த அழிவு நின்றபாடில்லை.

நிலைமையைத் திருத்தும் முயற்சிகளும் இல்லாமல் இல்லை. ஆமதாபாத் மாநகராட்சி 1996-இல் பாரம்பரியக் கட்டடங்களுக்கென்றே தனிப் பிரிவு ஒன்றை ஏற்படுத்தியது. 1997-ஆம் ஆண்டு நவம்பர் 19-ஆம் தேதி, கட்டடக் கலைஞர் தேவாசிஷ் நாயக் முதலியோரின் ஊக்கத்தால், 1822-இல் தேக்குமர வேலைப்பாட்டுடன் கட்டப்பெற்ற காலூப்பூர் ஸ்வாமிநாராயண் கோயிலில் தொடங்கி ஜும்மா மசூதியில் முடியும் காலைநேர நடை யாத்திரை ஆரம்பமாயிற்று. அது இன்றும் நடந்துவருகிறது; வெளியூராரும் வெளிநாட்டாரும் வந்து வியப்பதைக் கண்ட பிறகு, தாம் வசிக்கும் வீட்டின் மதிப்பைப் போளார்களில் பலர் புதிதாக உணர்ந்தார்கள். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கட்டடங்களை ஆராய்ந்து பட்டியலிட்டிருக்கிறார்கள். பழைய வீட்டைக் காப்பதற்காக, சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு மேலே கட்டாமல் விட்ட ஒருவர், அந்தக் கட்டட உரிமையை நகரத்தின் வேறு பகுதியில் கட்டுபவருக்கு விற்றுப் பணம் பெறலாம் என்ற ஏற்பாடும் உண்டு. அந்தப் பணத்தைக் கொண்டு தம் வீட்டை அவர் பழுதுபார்த்துக்கொள்ளலாம். சில மாளிகைகள் விருந்தினர் தங்கும் விடுதிகளாக உருமாறி உயிர் பிழைத்திருக்கின்றன.

இவையெல்லாம் போற்றத்தக்கவையே. ஆனாலும் விடுதிகளும் காட்சிசாலைகளும் மாத்திரம் நிறைந்த போள் ஒன்றை உண்டாக்கிவிட்டு, அதைப் பாதுகாப்பு என்று சொல்லிக்கொள்வது பொருந்தாது. டாங்காவில் தண்ணீர் நிரப்புவதற்கு ஒரு குடும்பம் வேண்டும். சபூத்ரோவில் தானியம் வைப்பதற்கு ஒரு கை வேண்டும். கரும்பலகையில் எழுதுவதற்கு ஒரு செய்தியும், அதைப் படித்துவிட்டுத் துக்க வீட்டுக்குப் போவதற்கு நாலு மனிதர்களும் வேண்டும். மரவேலையைக் காப்பதற்குத் தச்சர்கள் போதும்; கூட்டு வாழ்க்கையைக் காப்பதற்கோ அதை வாழ்பவர்கள் அங்கேயே தங்கியாக வேண்டும். ஆகவே, நகரசபையார் முதலில் செய்ய வேண்டியவை, கழிவுநீர், குடிதண்ணீர், தீயணைப்பு வசதிகளைச் சந்துக்குள் கொண்டுபோவதும், ஏழைக் குடித்தனக்காரரும் எளிதில் பெறக்கூடிய பழுதுபார்ப்புக் கடனை வழங்குவதும், பங்காளித் தகராறுகளை விரைந்து தீர்த்துவைப்பதும், குடியிருப்பு வீடுகள் கிடங்குகளாவதைத் தடுப்பதுமே ஆகும். போளாரும், முன்னோர் ஏற்படுத்திய பஞ்சாயத்துக்குப் புத்துயிர் அளித்து, ஆனால் ஜாதியையும் மதத்தையும் கேட்டுக் கதவைத் திறக்கும் பழைய வழக்கத்தை அறவே விட்டுவிட்டு, வாழ வருபவர் எவராயினும் பொதுக் கடமையில் பங்கு கொண்டால் போதும் என்ற புதிய தர்மத்தை மேற்கொள்ள வேண்டும். இவ்விரண்டும் நடந்தால்தான் யுனெஸ்கோ வழங்கிய பட்டத்துக்கு அர்த்தம் உண்டு. ஆமதாபாத்தின் போள்கள் இன்னும் சில நூற்றாண்டுகள் நிற்பதும் அப்போதுதான் சாத்தியம்.